விழாத கோல்களுக்கு யார் கணக்கு வைப்பது?



இவ்வாரம் நம் வகுப்பறைக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பனி ஹாக்கி! வெயிலையும் மழையையும் மட்டுமே அறிந்த நாட்டில் வாழும் தமிழாசிரியனுக்குப் பனித்திடலில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். வினா நேர்மையானதே. விடையைப் படிப்படியாகச் சொல்கிறேன். சற்றுப் பொறுமையுடன் உடன் வாருங்கள்.

கனடாவில் ஆண்டுதோறும் ஒரு சொற்போர் நடக்கிறது. அதற்கு மேடையும் இல்லை, நடுவரும் இல்லை. உணவகங்களிலும் வானொலியிலும் அலுவலகங்களிலும் வீட்டுக் கூடங்களிலும் மக்கள் தாமாகவே அணி பிரிந்து வாதிடுகிறார்கள். "இவ்வாண்டு ஹாக்கிப் புகழ் மண்டபத்திற்குள் நுழையத் தகுதி பெற்றவர் யார்? தகுதியிருந்தும் வெளியே நிறுத்தப்பட்டவர் யார்?" என்பதே தலைப்பு. இச்சொற்போரில் மிகவும் சூடு பிடிப்பது தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பற்றிய பகுதிதான். அதுவே என்னையும் ஈர்த்தது. ஏனெனில், அதனுள் ஆசிரியத் தொழிலின் பழைய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது.

மண்டபமும் அதன் வாயிலும்

முதலில் சில செய்திகள். ஹாக்கிப் புகழ் மண்டபம் டொராண்டோ மாநகரில் யோங் தெருவும் ஃபிரண்ட் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ளது. 1885ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் 1993 முதல் அது இயங்கி வருகிறது. முதல் தொகுதி ஆட்டக்காரர்கள் 1945ஆம் ஆண்டிலேயே தேர்வு பெற்றுவிட்டார்கள்.

ஓர் ஆட்டக்காரர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே அவர் பெயரைப் பரிசீலிக்க முடியும். தேர்வுக் குழுவில் பதினெண்மர் இருக்கிறார்கள். நூற்றுக்கு 75 விழுக்காடு, அதாவது பதினெட்டில் பதினான்கு வாக்குகள் தேவை. ஓராண்டில் ஆண் ஆட்டக்காரர் நால்வருக்கு மேல் சேர்க்க இயலாது. இரகசிய வாக்கெடுப்பு என்பதால், யார் எவருக்கு வாக்களித்தார், ஏன் வாக்களித்தார் என்பது வெளியே வருவதில்லை. ஆடும் திறன், விளையாட்டு நேர்மை, குணநலம், தம் அணிக்கும் ஆட்டத்திற்கும் ஆற்றிய பங்கு ஆகியவையே பார்க்கப்பட வேண்டியவை என விதி கூறுகிறது. இந்நான்கில் எதற்கு எவ்வளவு மதிப்பெண்? அதை விதி கூறவில்லை. சொற்போர் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

தடுப்பவனின் பணி

பனி ஹாக்கியை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஓர் அணியில் ஒரு நேரத்தில் அறுவர் திடலில் நிற்பர். ஒருவர் கோல் காவலர். மூவர் தாக்குதல் ஆட்டக்காரர்கள். எஞ்சிய இருவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். பந்துக்குப் பதிலாகத் தட்டையான இரப்பர் வட்டு. சறுக்குக் காலணி அணிந்து காற்றாய்ப் பறந்து வரும் எதிரியைப் பின்னோக்கிச் சறுக்கியவாறே எதிர்கொள்வது தற்காப்பு ஆட்டக்காரரின் பணி.

கோல் அடித்தவரின் பெயர் அட்டையில் ஏறும். அதற்கு வட்டை எடுத்துக் கொடுத்தவரின் பெயரும் ஏறும். ஆனால், விழவிருந்த கோலை விழாமல் செய்தவரின் பெயர் எங்கே ஏறும்? நடந்தவற்றுக்குத்தான் கணக்கு உண்டு. நடக்காமற்போனவற்றுக்கு ஏது கணக்கு?

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அக்காள் திருமணமாகி டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறியவர். 2017ஆம் ஆண்டு, ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அங்குச் சென்றிருந்தேன். அக்காள் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. வட்டார அணியொன்றில் தற்காப்பு ஆட்டக்காரனாக ஆடிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் குளிரில் நடுங்கியவாறு அவனது ஆட்டத்தைப் பார்க்கச் சென்றோம். எதிரணிச் சிறுவன் ஒருவன் வட்டோடு விரைந்து வந்தான். நம் பையன் மோதவில்லை, பாயவில்லை. வந்தவனுக்கும் கோலுக்கும் நடுவே தன் உடலை வைத்துக்கொண்டு, அவனை மெல்ல மெல்ல ஓரப் பலகைப் பக்கம் ஒதுக்கினான். வந்தவனுக்கு வழி அடைபட்டது. வட்டு வெளியே போயிற்று. அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. நானும் கைதட்டவில்லை; அங்கே ஏதோ நடந்தது என்பதே எனக்குப் புரியவில்லை.

வீடு திரும்பும் வழியில் அக்காள் ஆதங்கப்பட்டார். "தம்பி, மூணு வருசமா ஆடுறான். வருசக் கடைசியில பரிசு கொடுக்கிறப்போ இவன் பேரைக் கூப்பிட்டதே இல்லை. கோல் போடுற பிள்ளைங்களுக்குத்தான் எல்லாம்." பின்னிருக்கையில் இருந்தவன் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் அவனைப் புகழ் மண்டபத்திற்கு அழைத்துச் சென்றபோது, வண்ணக் கண்ணாடிக் கூரையின் கீழ் நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, கோல் போடாதவங்களும் இங்க இருக்காங்களா?"

அவனுக்காகத் தேடப் புகுந்தவன், அன்று முதல் அச்சொற்போரை விடாமல் கவனித்து வருகிறேன்.

முதல் அளவுகோல்: எண்கள்

எண்களைத் துணைக்கழைப்பவர்களுக்குப் பாபி ஆர் என்ற பெயர் போதும். பாஸ்டன் அணியின் இத்தற்காப்பு ஆட்டக்காரர் 1970-71 பருவத்தில் 139 புள்ளிகள் எடுத்தார். (ஒரு கோலுக்கு ஒரு புள்ளி, கோலுக்கு உதவியதற்கு ஒரு புள்ளி.) லீக் முழுவதிலும் மிகுந்த புள்ளி எடுத்தவருக்கான விருதை இருமுறை வென்ற ஒரே தற்காப்பு ஆட்டக்காரர் அவர். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருதை 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு முறை பெற்றார். முழங்கால் காயங்களால் ஆட்டத்தை விட நேர்ந்தபோது, மூன்றாண்டுக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்து, 1979ஆம் ஆண்டில் 31 வயதிலேயே அவரை மண்டபத்தில் சேர்த்தார்கள். அவரைப் பற்றி எவரும் வாதிடுவதில்லை. 1,579 புள்ளிகளோடு தற்காப்பு ஆட்டக்காரர்களின் பட்டியலில் முதலிடத்தில் நிற்கும் ரே போர்க்கைப் பற்றியும் வாதமில்லை.

ஆனால், ஆரின் வெற்றியே பிறருக்குத் தொல்லையாகவும் ஆயிற்று. அவருக்குப் பிறகு, தற்காப்பு ஆட்டக்காரர்களையும் தாக்குதல் ஆட்டக்காரர்களின் தராசிலேயே நிறுக்கும் பழக்கம் வேரூன்றியது.

இங்கேதான் ராட் லாங்வே வருகிறார். 1957ஆம் ஆண்டு தைவானில் பிறந்த அமெரிக்கர். 1982ஆம் ஆண்டு மாண்ட்ரியல் அணியிலிருந்து வாஷிங்டன் அணிக்கு மாற்றப்பட்டார். வாஷிங்டன் அணியோ, தொடங்கிய எட்டுப் பருவங்களில் ஒருமுறைகூடக் கிண்ணச் சுற்றுக்குத் தகுதி பெறாத அணி. லாங்வே வந்த முதற் பருவத்திலேயே தகுதி பெற்றது. அப்பருவத்தில் அவர் அடித்த கோல்கள் எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று! நோரிஸ் விருது அவருக்கே கிடைத்தது. அடுத்த பருவம் இன்னும் வியப்புக்குரியது. எட்மண்டன் அணியின் பால் காஃபி 126 புள்ளிகள் எடுத்திருந்தார். லாங்வே எடுத்தவை 33. வாக்களித்த செய்தியாளர்கள் மீண்டும் லாங்வேயைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரின் பதவிப் பெயரையே இரசிகர்கள் அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டியிருந்தார்கள்.

லாங்வே 2002ஆம் ஆண்டு மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ ஆயிரம் ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 51. அவரது பெயரைக் காட்டி, "இதோ இருக்கிறார், தம்பி" என்றேன். பையன் நெடுநேரம் அங்கேயே நின்றான்.

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால், கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை தரும். இரஷ்யர்களான செர்கே சூபோவ், செர்கே கோன்சார் இருவரையும் ஒப்பிடுங்கள். கோன்சாரின் புள்ளிகள் 811, சூபோவின் புள்ளிகள் 771. கூடுதல் எண்ணுடையவரே தகுதியானவர் என்றால் கோன்சார் முந்தியிருக்க வேண்டும். ஆயினும், 2019இல் உள்ளே சென்றவர் சூபோவ். 2025ஆம் ஆண்டுத் தேர்வு வரை கோன்சார் வெளியேதான். ஒருவர் ஆடிய ஆட்டங்கள் 1,301, மற்றவர் ஆடியவை 1,068 என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஆட்டத்திற்கான சராசரியில் சூபோவ் மேலே நிற்கிறார். ஒரே எண் தொகுதியிலிருந்து இரண்டு முடிவுகள்! மாணவர்களுக்குக் கணக்குப் பாடத்தில்கூட இதைக் காட்டலாம்.

இரண்டாம் அளவுகோல்: விருதும் கிண்ணமும்

"புள்ளி வேண்டா, விருதைப் பாருங்கள்" என்பார் சிலர். சரி, பார்ப்போம். நோரிஸ் விருது 1954இல் தொடங்கியது. அன்று முதல் 2011 வரை அதை வென்றவர்களுள் 2025ஆம் ஆண்டுத் தேர்வுக்குப் பிறகும் மண்டபத்திற்கு வெளியே நிற்பவர் ஒருவரே. அவர் 1981இல் வென்ற ராண்டி கார்லைல். மாறாக, ஷே வெபர் நோரிஸ் விருதை வென்றதில்லை. ஸ்டான்லி கிண்ணத்தையும் ஏந்தியதில்லை. 2010, 2014 ஒலிம்பிக் போட்டிகளில் கனடாவோடு தங்கம் வென்றார். காயத்தால் 2021க்குப் பிறகு ஆட முடியாமற்போயிற்று. 2024இல் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். பெரிய வாதம் எழுந்தது. "விருது பெற்றவர் வெளியே, பெறாதவர் உள்ளே. இது என்ன நியாயம்?"

"விருது வேண்டா, அணி வென்ற கிண்ணங்களை எண்ணுங்கள்" என்பார் வேறு சிலர். கெவின் லோ ஆறு ஸ்டான்லி கிண்ணங்களை வென்றவர். எட்மண்டனுக்காக ஐந்து, நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக ஒன்று. நோரிஸ் விருது பெறாதவர். கோல் அடிப்பதில் பெயரெடுக்காதவர். ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் கழித்து 2020இல் தேர்வானார்.

அப்படியானால், ஜே.சி. டிரம்ப்ளே என்பவரை எங்கே வைப்பது? மாண்ட்ரியல் அணியோடு 1965, 1966, 1968, 1969, 1971 என ஐந்து கிண்ணங்கள் வென்றவர். 1971இல் லீக்கின் முதல்நிலை நட்சத்திர அணியில் ஆரோடு சேர்ந்து இடம்பெற்றவர். மோதி வீழ்த்துவதைவிடச் சிந்தித்து வட்டைப் பறிப்பதில் வல்லவர். 1972இல் தேசிய ஹாக்கி லீக்கை விட்டுப் புதிதாகத் தோன்றிய போட்டி லீக்கில், கியூபெக் அணியில் சேர்ந்தார். அதனால், அவ்வாண்டு சோவியத் அணியை எதிர்கொண்ட புகழ்பெற்ற கனடிய அணியில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. புதிய லீக்கிலும் இருமுறை சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 1994இல் காலமானார். மண்டபத்தின் கதவு அவருக்கு இன்னும் திறக்கவில்லை.

லீக் மாறியதுதான் காரணமோ என்று நினைத்தால், அதுவும் பொருந்தவில்லை. அவரோடு அதே ஆண்டில் அதே புதிய லீக்கிற்குச் சென்ற பாபி ஹல் 1983இலும், கோல் காவலர் ஜெர்ரி சீவர்ஸ் 1985இலும் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஹல் கோல்களால் அறியப்பட்டவர். சீவர்ஸ் கோல் வாயிலில் எல்லார் கண்ணிலும் பட்டவர். டிரம்ப்ளேயோ இருவருக்கும் இடையில் நின்று அமைதியாகப் பணியாற்றியவர். இடையில் நிற்பவர்களை மறப்பது எளிது போலும்!

மூன்றாம் அளவுகோல்: குணநலம்

விதியில் குணநலமும் நேர்மையும் சேர்ந்தே இருக்கின்றன என்று முன்னரே சொன்னேன். இந்த அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

ஸ்காட் ஸ்டீவன்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரின் மோதல்கள் அச்சந்தருபவை. 2000ஆம் ஆண்டில் எரிக் லிண்ட்ராஸையும், 2003ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் பால் காரியாவையும் அவர் மோதி வீழ்த்திய காட்சிகளை இன்றும் காட்டுகிறார்கள். அவை அன்றைய விதிக்கு உட்பட்டவை. தலையில் ஏற்படும் காயங்களைக் கருதி 2010இல் லீக் விதியை இறுக்கியது. ஸ்டீவன்ஸ் 2007இல் மண்டபத்தில் சேர்ந்தார். லிண்ட்ராஸ் 2016இலும் காரியா 2017இலும் சேர்ந்தார்கள். இடித்தவரும் இடிபட்டவர்களும் இன்று ஒரே சுவரில்! நேற்றைய செயலை இன்றைய விதியால் அளக்கலாமா என்பது தனிச் சொற்போருக்குரிய தலைப்பு.

என்னை உறங்கவிடாமல் செய்த பெயர் வேறொன்று. கார்ல் புருவர். டொராண்டோ அணியோடு 1962, 1963, 1964 என மூன்று கிண்ணங்கள் வென்றவர். நட்சத்திர அணிகளில் நான்கு முறை இடம்பெற்றவர். நிருவாகத்தோடு முரண்பட்டு 1965இல் அணியை விட்டு விலகினார். பின்னர், ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களின் ஓய்வூதிய நிதி முறையாகக் கையாளப்படவில்லை என்று வழக்குத் தொடுத்த எழுவரில் அவரும் ஒருவர். கனடிய நீதிமன்றம் 1992இல் ஆட்டக்காரர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1994இல் அது உறுதியாயிற்று. பெயர் தெரியாத எத்தனையோ முதிய ஆட்டக்காரர்களுக்கு அதனால் பணம் கிடைத்தது.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆலன் ஈகிள்சன் 1989இல் 'ஆட்டத்தை வளர்த்தவர்' என்ற பிரிவில் மண்டபத்தில் சேர்க்கப்பட்டிருந்தார். அவரது முறைகேடுகளை வெளிக்கொணர உழைத்தவர்களுள் புருவர் முன்னணியில் இருந்தார். 1998இல் ஈகிள்சன் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். அவர் நீடித்தால் தாங்கள் வெளியேறப் போவதாக ஆர் முதலிய பலர் அறிவித்ததும், மண்டபத்திலிருந்து தாமே விலகிக்கொண்டார்.

புருவர் 2001இல் காலமானார். அவர் பெயர் இன்றுவரை சுவரில் இல்லை. எதிர்வாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல பருவங்கள் அவர் லீக்கில் ஆடவே இல்லை. மேலும், கையுறையின் உள்ளங்கைப் பகுதியை நீக்கிவிட்டு எதிரணியினரின் சட்டையைப் பிடித்து நிறுத்துவார் என்ற குறும்பும் அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. 'விளையாட்டு நேர்மை' பேசுவோர்க்கு அது போதுமான பிடி.

ஆனாலும் நான் கேட்கிறேன். பனித்திடலில் ஒரு சட்டையைப் பிடித்தது பெரிதா? தன் தொழிலாளர் அனைவருக்கும் வரவேண்டியதை வெளியே நின்று மீட்டுத் தந்தது பெரிதா? ஆட்டத்திற்கு ஆற்றிய பங்கு என்று விதியில் எழுதியிருப்பது எதற்காக?

எண்களே இல்லாதபோது

மண்டபம் 2010 முதல் பெண் ஆட்டக்காரர்களுக்கும் இடம் தந்து வருகிறது. தற்காப்பு ஆட்டக்காரர்களுள் ஜெரால்டீன் ஹீனி 2013இலும், ஆஞ்செலா ருஜியேரோ 2015இலும் சேர்க்கப்பட்டார்கள். ஆண்களுக்கிருந்ததைப் போல் ஆயிரம் ஆட்டங்கள் கொண்ட நீண்ட லீக் ஏடு அவர்களுக்கு இல்லை. உலகப் போட்டிகள், ஒலிம்பிக், உடன் ஆடியவர்களின் சான்று ஆகியவற்றைக் கொண்டே தேர்வுக் குழு முடிவெடுக்க வேண்டியிருந்தது. எவரும் அதைக் குறையாகக் கூறவில்லை. ஆக, ஏட்டில் இல்லாததையும் கண்ணால் கண்டு எடைபோட மனிதரால் முடியும். வேண்டியது மனம் மட்டுமே.

என் வாக்கு

இவ்வளவு பேசிவிட்டு என் முடிவைச் சொல்லாமல் நழுவுவது முறையாகாது. தற்காப்பு ஆட்டக்காரர்களை அளக்க நான் வைக்கும் கேள்வி ஒன்றே. அவர் திடலில் நின்றதனால் மற்றவர்கள் அச்சமின்றி ஆட முடிந்ததா?

இக்கேள்விக்கு டிரம்ப்ளேயின் வாழ்க்கை 'ஆம்' என்கிறது. ஒரு கிண்ணம் என்றால் தற்செயல் எனலாம். ஏழு ஆண்டுகளில் ஐந்து கிண்ணங்கள் வென்ற அணியின் பின்வரிசையில் நின்றவரை அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு என் வாக்கு உண்டு. புருவருக்கும் உண்டு. அவர் தற்காத்தது கோலை மட்டுமன்று என்பதனால் இருமடங்கு உண்டு. வெபர் உள்ளே இருப்பது சரியே. கார்லைலுக்கு என் வாக்கு இல்லை. 1981இன் உச்சத்தை மறுக்கவில்லை. ஆனால், மறு ஆண்டு அதே விருதை வென்ற டக் வில்சன் 1,024 ஆட்டங்களில் 827 புள்ளிகள் எடுத்தவர், அவரே 2020 வரை காத்திருந்தார். கோன்சாரைப் பற்றி யாரேனும் அவர் எடுத்த புள்ளிகளை விடுத்து, அவர் தடுத்தவற்றைச் சொல்லி வாதிட்டால் கேட்க ஆவலாயிருக்கிறேன்.

நீங்கள் மாறுபடலாம். மாறுபட வேண்டும். அதற்குத்தானே சொற்போர்!

வகுப்பறைக்கு வருவோம்

இத்தலைப்பை ஆறாம் ஆண்டு மாணவர்களின் சொற்போர்ப் பயிற்சியில் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆசிரியர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். காரணம், நம் பிள்ளைகளில் எவருக்கும் டிரம்ப்ளே மாமனுமல்லர், கார்லைல் சித்தப்பாவுமல்லர். முன்சார்பு இல்லாத பொருளில்தான் வாதிடும் முறை துலங்கும். பயிற்சிக்கு மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன்.

1. பெயரைச் சொல்லும் முன் அளவுகோலைச் சொல்ல வேண்டும். விரும்பியவரை முதலில் முடிவு செய்துவிட்டு அவருக்கேற்ற அளவுகோலைத் தேடுவது வாதமன்று, வழக்கறிஞர் வேலை.

2. தன் ஆளுக்கு வைத்த அளவுகோலையே எதிராளியின் ஆளுக்கும் வைக்க வேண்டும். வள்ளுவர் நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவேன்.

3. தோற்ற பக்கத்திற்கும் காரணம் சொல்ல வேண்டும். "உனக்கு வாக்கு இல்லை" என்பது முடிவு. "இன்ன காரணத்தால் இல்லை" என்பதே தீர்ப்பு.

மூன்றாவது விதியில்தான் அம்மண்டபத்தின் தேர்வு முறையோடு எனக்கு உடன்பாடில்லை. பதினெண்மரும் கற்றறிந்தவர்களாகவும் நேர்மையானவர்களாகவும் இருக்கலாம். ஆனால், காரணம் சொல்லாத தேர்வு, தேர்வு பெறாதவர்களின் உள்ளத்தில் ஐயத்தை மட்டுமே விட்டுச் செல்கிறது. டிரம்ப்ளேயின் குடும்பத்தார் எதை நினைத்து ஆறுதல் கொள்வார்கள்?

நம் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகிறோம். மேடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் மதிப்பெண் எடுத்தவர்கள். அது தவறன்று. கோல் அடித்தவனைப் பாராட்டாமல் இருக்க முடியுமா? ஆயினும், ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் இருக்கிறார். சண்டை மூளும்போது இருவருக்கும் நடுவே போய் நிற்கும் மாணவி. பின்தங்கிய தோழனுக்கு ஓய்வு நேரத்தில் வாசிக்கக் கற்றுத் தரும் சிறுவன். புதிதாய் வந்த பிள்ளை சிற்றுண்டிச் சாலையில் தனித்து உட்காராமல் பார்த்துக்கொள்ளும் சிறுமி. இவர்களால் நடந்தது எதுவும் ஏட்டில் இராது. இவர்களால் நடக்காமற்போனவை பல.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டபோது, இனி எதைக் கொண்டு பிள்ளைகளை அளப்பது என்று பெற்றோர் பலர் என்னிடம் கவலையோடு கேட்டார்கள். அளவுகோல் போய்விட்டதே என்ற கவலை அது. இருந்த அளவுகோல் எல்லாவற்றையும் அளந்ததா என்று நான் திருப்பிக் கேட்டேன். நம் பிள்ளை கோல் அடிப்பவனா, தடுப்பவனா என்பதையாவது முதலில் தெரிந்துகொள்வோம். தடுப்பவனிடம் போய், "நீ ஏன் கோல் அடிக்கவில்லை?" என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தால், அவன் ஒருநாள் தன் இடத்தை விட்டு முன்னே ஓடிவிடுவான். பின்னால் கதவு திறந்து கிடக்கும்.

அடுத்த பரிசளிப்பு விழாவிற்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும்போது, மதிப்பெண் பட்டியலை எடுப்பதற்கு முன், வகுப்பாசிரியர்களிடம் ஒரு வினாவைக் கேட்கலாம் என்று எங்கள் பள்ளிக் கூட்டத்தில் முன்மொழியவிருக்கிறேன். "இவ்வாண்டு உங்கள் வகுப்பில் நடக்காமற்போன தீமைகள் எவை? அவற்றைத் தடுத்தவர் யார்?" ஓர் ஆசிரியராவது உடனே ஒரு பெயரைச் சொல்வார் என்று நம்புகிறேன். உங்கள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்